முரண் என்னும் சொல்லும் அதன் சுற்றமும்

நூலொன்றன்கண் ஓரிடத்துக் கூறியதும் பிறிதோரிடத்துக் கூறியதும் ஒத்து நில்லாதன போலத் தோன்றுமாயின், அதனை 'முரண்பாடு' என்னும் ஒரு சொல்லால் முடித்துவிட்டு அப்பாற் செல்லுதல் இக்காலத்துத் திறனாய்வாளர் பலர்க்கு வழக்கமாயிற்று. அச்சொல் பாராட்டாகவும் வருகின்றது, பழிப்பாகவும் வருகின்றது. ஒரு புலவர் வாக்கில் முரண்பாடு மலிந்து கிடக்கின்றது என ஒருவர் எழுதுவாராயின், அவர் அப்புலவரைப் புகழ்ந்தனரோ இகழ்ந்தனரோ என்பது அடுத்த வாக்கியத்தைப் படித்த பின்னரே விளங்கும். சிலவேளை அதன் பின்னரும் விளங்குவதில்லை. ஆங்கிலத்துக் 'கான்ட்ரடிக்ஷன்' என்பதற்கும் 'பாரடாக்ஸ்' என்பதற்கும் தமிழில் ஒரு சொல்லையே வழங்கத் தொடங்கியதன் விளைவு இது. இவ்விரண்டும் ஒன்றல்ல. முன்னது குற்றம். பின்னது பெரும்பாலும் குணம். சிற்சில இடங்களில் குற்றமும் குணமும் அல்லாததாய், அறிவினால் எளிதில் அவிழ்க்கலாகாத முடிச்சு. இவற்றைப் பிரித்தறிதற்கு வேண்டும் சொற்கள் தமிழில் இல்லாமலில்லை. முன்னோர் வைத்துப் போயினவற்றை எடுத்து ஆளாமையே குறை.

'பாரடாக்ஸ்' என்பது கிரேக்க மொழியினின்றும் போந்த சொல். 'பாரா' என்பது அப்பாற்பட்டது, மாறானது என்னும் பொருளது. 'டாக்ஸா' என்பது கருத்து, அஃதாவது உலகத்தார் பொதுவாகக் கொண்டிருக்கும் எண்ணம். ஆகவே அச்சொல்லின் முதற்பொருள் உலகத்தார் கொள்கைக்கு மாறானது என்பதே. தனக்குத் தானே மாறானது என்னும் பொருள் அதன்கண் முதலில் இல்லை. உரோமாபுரியின் நாவலராகிய சிசரோ கி.மு. 46-இல் இயற்றிய சிறுநூல் ஒன்று இதற்குச் சான்று பகரும். ஸ்டோயிக்கர் என்னும் மதத்தாருடைய கொள்கைகளுள் ஆறனை எடுத்து விளக்கும் அந்நூலுக்கு அவர் இட்ட பெயரிலேயே இச்சொல் உளது. அறிவுடையான் ஒருவனே செல்வன் என்பது அவ்வாறனுள் ஒன்று. அவன் ஒருவனே அடிமைப்படாதவன் என்பது மற்றொன்று. பிழைகள் எல்லாம் ஒரு நிறையின என்பது பிறிதொன்று. களஞ்சியம் நிரம்பியவனைச் செல்வன் என்னாது கந்தை உடுத்த அறிஞனைச் செல்வன் என்றல் ஊரார் செவிக்கு ஏலாது. ஆயினும் அவ்வுரை தன்னைத் தானே அழித்துக் கொள்ளவில்லை. செல்வம் என்பதற்கு அவர் கொண்ட பொருளைக் கொண்டால் அது நேரே நிற்கும். கொள்ளாதார்க்கு அது பிழையாகலாம். அப்பொழுதும் அது உலகத்தோடு மாறுபட்ட உரையேயன்றித் தன்னோடு மாறுபட்ட உரையன்று.

இவ்வேறுபாட்டைத் தமிழ்நூல் ஒன்று இரு வேறு பெயரிட்டுப் பிரித்து வைத்திருக்கின்றது. அது மணிமேகலை. உ. வே. சாமிநாதையர் 1898-இல் பதிப்பித்து வெளியிட்ட அந்நூலின் இருபத்தொன்பதாங் காதையில், காஞ்சிமாநகரத்து அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவைநெறி அறிவுறுத்துகின்றார். ஆண்டுப் பக்கப் போலி ஒன்பது எண்ணப்படுகின்றன. பக்கமாவது ஒருவன் நிறுவக் கருதி முன்வைக்கும் மேற்கோள்; அது மேற்கோள் போலத் தோன்றி மேற்கோளாகாது ஒழிவது பக்கப் போலி. அவ்வொன்பதும் வடமொழி நியாயப்பிரவேசம் கூறும் ஒன்பதனோடு ஒத்தன. அவற்றுள் சுவசன விருத்தம் என்பது தன் சொல்லே தனக்கு மாறாதல். தன் தாயை மலடி என்று மகன் கூறுதல் அதற்குக் காட்டு. உலக விருத்தம் என்பது உலகின் வழக்கிற்கு மாறாதல். மதி என்பது சந்திரன் அன்று எனல் அதற்குக் காட்டு. காட்சிக்கு மாறாவதும் அனுமானத்துக்கு மாறாவதும் தன் ஆகமத்துக்கு மாறாவதும் வெவ்வேறு பெயரால் தனித்தனி நிற்கின்றன. மாறுபாடு என்னும் ஒரே நோயை எதனோடு மாறுபடுகின்றது என்பது பற்றி ஐந்தாக வகுத்த நுட்பம் இது. இந்நுட்பம் கையிலிருக்க, முரண்பாடு என்னும் ஒரு மூட்டைக்குள் எல்லாவற்றையும் அள்ளிப் போடுதல் எற்றுக்கு?

கிரேக்கரின் சொல் தன் முதற்பொருளால் உலக விருத்தத்தோடு சேரும். சுவசன விருத்தத்தோடு சேராது. இவ்வொப்புமை முற்றும் பொருந்துமோ எனின், ஓரிடத்துப் பொருந்தாது. அறவண அடிகள் காட்டிய காட்டுச் சொல்வழக்குப் பற்றியது. மதி, சந்திரன் என்பன ஒரு பொருளின் இரு பெயர் என்பது யாவர்க்கும் உடம்பாடாயிருக்க, அதனை மறுப்பான் வழக்கையே மறுக்கின்றான். அவனோடு வாதம் நிகழ்தற்கு இடமில்லை. ஸ்டோயிக்கர் மறுத்தது சொல்வழக்கை மட்டுமன்று, மக்களது மதிப்பீட்டையும் ஆம். அன்றியும் அளவை நூலார் உலக விருத்தத்தைப் போலி என ஒதுக்கினர். கிரேக்கரும் உரோமரும் பாரடாக்ஸை அங்ஙனம் ஒதுக்காது ஆராய்ச்சிக்கு எடுத்தனர். நிலம் ஞாயிற்றைச் சுற்றுகின்றது என்று கொப்பர்னிக்கஸ் 1543-இல் வெளிவந்த தம் நூலில் நிறுவியபோது அஃது உலக விருத்தமே. கண்ணாற் காண்பதற்கும் மாறாகலின் காட்சி விருத்தமும் எனப்பட்டிருக்கும். சுவசன விருத்தம் ஒருகாலும் ஆகாது. உலகத்தின் உடம்பாடு மாறும். சொல் தன்னோடு தான் மாறுபட்டது எந்நாளும் நேராகாது. இரண்டையும் ஒரு பெயராற் சுட்டுவார்க்கு, திருந்தக்கூடிய மாறுபாடு எது, திருந்தாத மாறுபாடு எது என்பது புலப்படாது போம்.

இனி இலக்கண நூலார் பக்கம் வருவோமாக. முரண் என்னும் பழஞ்சொற்குப் பகை, போர், வலி என்னும் பொருள்கள் உண்டு. ஒருவரை ஒருவர் எதிர்த்து நிற்றலே அதன் அடிப்பொருள். எதிர்த்து நிற்றற்கு இருவர் வேண்டும். இருவரும் நிற்கவும் வேண்டும். இதனாற்போலும் செய்யுள் நூலார் முரணைத் தொடைகளுள் ஒன்றாக வைத்தனர். சொல்லாலாவது பொருளாலாவது மறுதலைப்பட்டன எதிரெதிர் வந்து தொடுக்கப்படுதல் முரண்தொடை என்பது தொல்காப்பியச் செய்யுளியலால் அறியப்படும். ஓரடியில் கருமுகிலும் அடுத்த அடியில் வெண்ணிலவும் வருமாயின் தொடை நிரம்பிற்று. அங்கே யாதொரு சிக்கலும் இல்லை. கருமை ஒன்றற்கும் வெண்மை மற்றொன்றற்கும் உரியன. இரண்டும் தத்தம் இடத்து அமைதியாக நிற்கின்றன. இதனைப் பாரடாக்ஸ் என எழுதுவாரும் உளர். அவர்க்கு விடை கூறி நேரம் போக்க வேண்டுவதில்லை.

ஒன்றற்கே கருமையும் வெண்மையும் உரியன என்று ஒருவன் உரைப்பானாயின் அப்பொழுதுதான் ஆராய்ச்சி பிறக்கும். அவ்வுரை இருவழியிற் செல்லும். நூலாசிரியன் மறந்தோ மயங்கியோ முன் கூறியதனைப் பின் அழித்துரைத்தால் அது மாறுகொளக் கூறல். தொல்காப்பிய மரபியலும் நன்னூற் பாயிரமும் எண்ணிய நூற்குற்றம் பத்தனுள் ஒன்று. புலவன் அறிந்தே, ஒரு சிறப்புத் தோன்றுதற்பொருட்டு, மாறுபட்டன ஓரிடத்துச் சேர்ந்தாற்போலக் கூறினால் அது விரோத அணி; தண்டியலங்காரம் கூறும் பொருளணிகளுள் ஒன்று. புறத்தே பார்ப்பார்க்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாடு எங்கே உளது? வடமொழி அணிநூலாராகிய மம்மடர் இதனைக் காவியப்பிரகாசத்தில் திறம்பட வரையறுத்தார்: உண்மையில் மாறுபாடு இல்லாதிருக்கவும் மாறுபட்டது போல உரைப்பதே விரோதம் என்பது அவர் கருத்து. அடையபலத்திற் பிறந்த அப்பைய தீட்சிதர் தம் குவலயானந்தத்தில் பெயரையே திருத்தி, விரோதாபாசம் என்றார். ஆபாசமாவது தோற்றமாத்திரையாய் நிற்பது. விரோதம் தோற்றமாத்திரையாய் நின்று, நோக்குவார் நோக்க நீங்குமாயின் அது அணி. நோக்க நோக்க நீங்காது உறைக்குமாயின் அது குற்றம்.

பாரடாக்ஸ் என்பதன் இக்காலப் பொருளுக்கு இவ்விரோதாபாசத்தினும் அண்மையிலுள்ள சொல் பிறிதில்லை. ஆயின் அதனை இன்று எடுத்து வழங்கலாகாது. ஆபாசம் என்னுஞ் சொல் தமிழ் வழக்கில் இழிந்த பொருளிற் சென்று தங்கிவிட்டது; விரோதாபாசம் என்று தலைப்பிட்டுக் கட்டுரை வரையின் படிப்பார் முகஞ்சுளிப்பர். வடசொற்கள் தமிழிற் புகுந்து பொருள் திரிந்த வரலாற்றில் இஃதொரு வேடிக்கை. ஆயினும் அளவைநூலை மொழிபெயர்த்த தமிழாசிரியர்கள் ஆபாசம் என்பதற்குப் போலி என்னுந் தமிழ்ச்சொல்லை முன்னரே அமைத்துப் போயினர். ஏத்துவாபாசம் ஏதுப்போலி ஆயிற்று. அந்நெறியே சென்று முரண்போலி எனல் தகும். முரண்போலத் தோன்றி முரணாகாதது என்னும் பொருள் அதனுள் வெளிப்படையாக நிற்கும். சிலர் ஆளும் முரண்மெய் என்பதும் அழகிய சொல்லே. ஆயின் அது முன்னதாகவே தீர்ப்புக் கூறிவிடுகின்றது. பாரடாக்ஸ் எனப்படுவன எல்லாம் முடிவில் மெய்யாவனவல்ல.

முரண்போலியையும் உண்மை முரணையும் பிரிக்கும் உரைகல் யாது? அரிஸ்டாட்டில் தம் மெய்ப்பொருள் நூலில் வைத்த நியமம் யாவரும் அறிந்தது. ஒரே பண்பு ஒரே பொருட்கு ஒரே காலத்து ஒரே கூற்றான் உண்மையும் இன்மையும் கூடாது என்பது அது. இதனுள் 'ஒரே கூற்றான்' என்பதே உயிர். பொருள் ஒன்றாய்க் காலம் ஒன்றாய்க் கூறு வேறாயின் மாறுபாடில்லை. உண்மை முரண் என்று ஒருவர்மேற் குற்றஞ் சாட்டுவார், பொருளும் காலமும் கூறும் ஒன்றே என்று முதலிற் காட்டக் கடமைப்பட்டவர்.

உலகியலிலிருந்தே ஒரு காட்டுக் கூறலாம். தொண்ணூற்றொன்பது வயது நிரம்பி வாழ்ந்த ஒருவர் தம் பிறந்தநாளை இருபத்துமூன்று முறையே கண்டார் என்றால், கேட்போர் ஒன்று பொய் என்பர். அன்றேல் சொல்லுவான் மயங்கினான் என்பர். ஆனால் இது மெய். இந்தியாவின் தலைமை அமைச்சராக 1977 முதல் 1979 வரை இருந்த மொரார்ஜி தேசாய் பிறந்தது 1896-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள். மறைந்தது 1995 ஏப்ரல் 10. நானூற்றால் வகுபடாத நூற்றாண்டு முடிவுகளை நெட்டாண்டாகக் கொள்ளாத முறைப்படி 1900-இல் அந்நாள் வரவில்லை. ஆகவே அவர்தம் முதற் பிறந்தநாள் 1904-இல், எட்டு வயது நிரம்பும்போது வந்தது. அது முதல் 1992 வரை எண்ணின் இருபத்துமூன்றே ஆகும். வயது என்பது கழிந்த காலத்தின் அளவு. பிறந்தநாள் என்பது நாட்காட்டியில் ஒரு தேதி மீள வருதல். இரண்டும் உடன்செல்லும் என்பது உலகத்தார் கருத்து. பெரும்பாலும் உடன்செல்லுதலால் அக்கருத்து வேரூன்றிற்று. கூறு வேறென்று கண்டவுடன் முரண் மறைந்தது. மறைந்த பின்னரும் உரை மெய்யாகவே நின்றது.

மெய்யாகாத வகையும் உண்டு. எலியா நகரத்துச் சீனோ என்பார் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் சொல்லிய ஆமைக்கதை அது. ஓட்டத்தில் வல்ல அக்கிலீசு என்னும் வீரன், தனக்கு முன்னே நூறு கோல் தொலைவில் ஊர்ந்து செல்லும் ஆமையை ஒருநாளும் எட்டிப் பிடியான் என்பது அவர் வாதம். அவன் நூறு கோல் ஓடுவதற்குள் ஆமை பத்துக் கோல் செல்லும். அப்பத்தை அவன் கடப்பதற்குள் அது ஒரு கோல் செல்லும். அவ்வொன்றைக் கடப்பதற்குள் பத்திலொரு கோல் செல்லும். இங்ஙனம் இடைவெளி எண்ணிறந்தனவாகலின் முடிவில்லை என்றார். காட்சிக்கு மாறான இம்முடிபு பொய் என்பது யாவரும் அறிந்ததே. பிழை எங்கே புகுந்தது என்பதே அறிதற்கரியதாயிருந்தது. கூறுகள் எண்ணிறந்தனவாயின் அவற்றின் கூட்டமும் அளவிறந்ததாதல் வேண்டும் என்று வாய்திறவாமற் கொண்ட துணிபே அப்பிழை. நூறும் பத்தும் ஒன்றும் பத்திலொன்றும் என இறுதியின்றிக் கூட்டினாலும் தொகை நூற்றுப்பதினொன்றே ஒன்பதிலொன்றைக் கடவாது. அவ்விடத்து வீரன் ஆமையைப் பிடிப்பான். இங்கே முரண்போலியின் பயன் தன் முடிபை நிலைநாட்டுதலன்று. கேட்பவன் உள்ளத்துள் மறைந்து கிடந்த தவறான துணிபை வெளிக்கொணர்தல். முரண்மெய் என்னுஞ் சொல் இதற்குப் பொருந்தாமை காண்க.

மூன்றாவது வகையே கடியது. கி.மு. நான்காம் நூற்றாண்டினராகிய யூபுலைடிஸ் என்பாரது பெயரால் வழங்கும் பொய்யன் வாதம் அது. 'யான் இப்பொழுது கூறும் இது பொய்' என்று ஒருவன் கூறுகின்றான். அது மெய்யாயின் அவன் கூறியவாறே பொய்யாம். பொய்யாயின் அவன் கூறியது நிகழ்ந்தமையின் மெய்யாம். இது மலடி மைந்தன் உரையினும் வேறானது என்பதை நோக்குக. தாயை மலடி என்றவன் உரை பொய் என ஒதுக்கப்பட்டு ஒழியும். அதனைப் பொய் என்றார்க்கு யாதொரு இடரும் இல்லை. பொய்யன் உரையையோ பொய் என ஒதுக்கவும் முடியவில்லை; ஒதுக்கியவுடன் மெய்யாகி எழுகின்றது. ஆகவே சுவசன விருத்தம் என்னும் பெயருள்ளும் இஃது அடங்காது. பாரதநாட்டில் கி.பி. ஐந்தாம் நூற்றாண்டில் விளங்கிய பர்த்ருஹரி தம் வாக்கியபதீயத்தின் மூன்றாங் காண்டத்தில் இத்தகைய உரையை எடுத்தாராய்ந்தார். தான் கூறுவன எல்லாம் பொய் என்பான் உரையில், அவன் சொல்லக் கருதிய பொருளினுள் அவ்வுரை தானும் அடங்குவதன்று. அடங்குமேல் அவன் கருதியது உணர்த்தப்படாதொழியும் என்பது அவர் துணிபு. சுட்டுவது தன்னைத் தான் சுட்டாது என்னும் இவ்வழியே பிற்காலத்து மேலைநாட்டாரும் வேறு வகையால் தேடிய வழியாகும்.

இவ்வகை வெறும் சொல்விளையாட்டு என்பார், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்ததனை அறியாதார். பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1901-இல், தன்னைத் தான் உறுப்பாகக் கொள்ளாத தொகுதிகள் எல்லாவற்றையும் கொண்ட தொகுதி தன்னைத் தான் கொள்ளுமோ கொள்ளாதோ என வினவினார். கொள்ளுமெனின் கொள்ளாது, கொள்ளாதெனின் கொள்ளும். எண்ணூல் முழுவதையும் அளவைநூலின்மேல் நிறுவ முயன்றுகொண்டிருந்த ஜெர்மானிய அறிஞர் பிரேகே என்பார்க்கு இதனை 1902 ஜூன் திங்களில் மடல் வாயிலாக அறிவித்தார். பிரேகேயின் பெருநூலின் இரண்டாம் பகுதி அப்பொழுது அச்சில் இருந்தது. 1903-இல் அது வெளிவந்தபோது, தம் கட்டடத்தின் அடிக்கல் ஆட்டங்கண்டதை அவரே பின்னுரையில் ஒப்புக்கொண்டிருந்தார். பல்லாண்டு உழைப்பின் முடிவில் தம் பிழையைத் தாமே அச்சிட்டு வெளிப்படுத்திய அந்நேர்மை மெச்சத்தக்கது. அமெரிக்க அளவைநூலார் குவைன் 1962-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில் பாரடாக்ஸ்களை மெய்யிற் கொண்டுசேர்ப்பன, பொய்யிற் கொண்டுசேர்ப்பன, அறிவின் அடிப்படை வழக்கையே திருத்தினாலன்றித் தீராதன என மூன்றாக வகுத்ததும் இத்தகைய நிகழ்ச்சிகளைக் கருதியே. கடைசி வகைக்கு அவர் கொண்ட 'ஆண்டினமி' என்னும் பெயர் காண்ட் என்பார் 1781-இல் வெளியிட்ட நூலால் பரவியது. நியமத்துக்கு எதிர் நியமம் என்பது அதன் சொற்பொருள். தமிழில் இதனை இருதலை முரண் எனலாம்.

'ஆக்ஸிமோரான்' என்பது பற்றி ஓரிரு சொல். கூர்மை, மழுக்கம் என்னும் இரு கிரேக்கச் சொற்களின் சேர்க்கை அது. தான் குறிக்கும் பொருளுக்குத் தானே காட்டாக நிற்கின்றது. இனிய துன்பம், பேசும் மௌனம் என்றாற்போல அடையும் பொருளும் மாறுபட்டுத் தொடராவது அது. விரோத அணியின் சுருங்கிய வடிவம் என்பதன்றி வேறில்லை. வஞ்சப்புகழ்ச்சியை இதனோடு சேர்ப்பது தவறு. அதன்கண் சொல்லொன்று, கருத்தொன்று. முரண்போலியில் சொல்லியதே கருதியது. விடுகதையும் இவ்வினமன்று. விடுகதை விடையை மறைக்கும். முரண்போலி ஒன்றையும் மறைப்பதில்லை.

இப்பெயர் வேறுபாடுகள் எல்லாம் எற்றுக்கு என வினவுவார்க்குச் சமயநூல் ஆராய்ச்சியில் நிகழும் ஒரு வழக்கைக் காட்டுதல் தகும். இறைவன் உயிர்களோடு ஒன்றாயும் வேறாயும் உடனாயும் நிற்பன் என்பது சித்தாந்தத் துணிபு. ஒன்றாயின் வேறாதல் யாங்ஙனம்? வேறாயின் ஒன்றாதல் யாங்ஙனம்? இது வெளிப்படையான முரண்பாடன்றோ? என்று எழுதுவாரும், ஆம் முரண்பாடே, அதுவே தெய்வத்தின் ஆழம் என்று தாங்குவாரும் இருதிறத்தார் உளர். இருவரும் ஒரு பிழையே செய்கின்றனர். கூறு ஒன்றோ வேறோ என இருவரும் நோக்கிற்றிலர். ஆசிரியர்களோ கூறு வேறென்பதைப் பெயரிட்டே சொல்லிப் போயினர். கலப்பினால் ஒன்று, பொருட்டன்மையால் வேறு, உயிர்க்குயிராய் நின்று செலுத்துதலால் உடன். உமாபதி சிவம் சிவப்பிரகாசத்தின் பாயிரத்தில் பொன்னும் பணியும், இருளும் வெளியும், சொல்லும் பொருளும் என்னும் மூன்று உவமைகளை விலக்கி, உடலும் உயிரும், கண்ணும் ஞாயிறும், அறிவும் ஒளியும் என்னும் மூன்றனை எடுத்துக்கொண்டது இதன் பொருட்டேயாம். ஒவ்வோர் உவமையும் ஒரு கூற்றை மட்டும் காட்டி நின்றுவிடுகின்றது. அத்துவிதம் என்னுஞ் சொல்லின் அகரம் இன்மை குறியாது அன்மை குறித்தது எனச் சிவஞான முனிவர் மாபாடியத்தில் வாதிட்டதும் இவ்வழியிலேயே. இக்கூறுகள் ஒருவர்க்கு உடம்பாடாகலாம், ஆகாதொழியலாம். அதனை வேறு வாதத்தால் முடிக்க வேண்டும். மாறுகொளக் கூறல் என்று மட்டும் சொல்லலாகாது. முரணே ஆழம் என்று சொல்லுதல் அதனினும் தீது. காரணங்காட்டி நிறுவிய நூலை நிறுவாத நூலாக்கிவிடும்.

நடுவுநிலை நோக்கி இன்னொன்றும் கூறவேண்டும். ஒரு பொருள் ஒருவாற்றான் உண்டு, ஒருவாற்றான் இல்லை என்னும் ஆருகதரை, ஒன்றன்கண் மாறுபட்ட இரண்டு கூடா என்று சங்கரர் முதலாகப் பிறமதத்தார் பலரும் மறுத்தனர். ஆயின் 'ஒருவாற்றான்' என்னும் சொல்லாலேயே ஆருகதரும் கூறு வேறென்பதைக் குறித்தனர். தன் மதத்துக்குக் கூறு வேறெனக் காத்துக்கொள்பவர், பிறர் மதத்துக்கு அவ்விடத்தை மறுப்பது முறையன்று. ஆருகதரோடு வழக்கிடுவார், அக்கூறுகள் ஒவ்வொரு பொருட்கும் வரையறைப்பட்டனவோ அல்லவோ என்பது பற்றி வழக்கிடலாம். உரைகல் ஒன்றே; உரைக்கும் பொன் எவர் வீட்டதாயினும் ஆகுக.

திருக்குறளில் முரண்பாடு காண்பார் எடுத்துக்காட்டும் இடங்கள் இரண்டு. ஒன்று வாய்மை அதிகாரத்து முதலிரண்டு குறள். குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தது என்றது முன்னதனோடு மாறுகொள்ளும் என்பர். மாறில்லை. முதற்குறளே வாய்மை என்பதைத் தீங்கு சிறிதும் பயவாத சொல் என வரையறுத்துவிட்டது. நிகழ்ந்தது கூறலே வாய்மை என்னும் உலகத்தார் கருத்தை ஆசிரியர் எங்கும் உடம்பட்டிலர். நன்மை பயப்பின் நிகழாதது கூறலும் மெய்ம்மையாம், தீங்கு பயப்பின் நிகழ்ந்தது கூறலும் பொய்ம்மையாம் எனப் பரிமேலழகர் இரண்டையும் இணைத்துக் காட்டினார். இது சிசரோ எடுத்த ஸ்டோயிக்கர் உரையோடு ஓரினத்தது: உலகத்தோடு மாறு, தன்னோடு மாறன்று.

மற்றொன்று அத்துணை எளிதன்று. ஊழினும் வலியது இல்லை என்பது 380-ஆம் குறள். தளராது முயல்வார் ஊழையும் புறங்காண்பர் என்பது 620-ஆம் குறள். பொருள் ஒன்று, ஊழ். இரண்டும் வரம்பின்றியே கூறப்பட்டன. பின்னது ஊக்கம் பற்றி மிகுத்துக் கூறியது என்று சிலர் தள்ளிவிடுவர். நூலாசிரியன் சொல்லை வேண்டியபோது மெய்யாகவும் வேண்டாதபோது மிகையாகவும் கொள்ளும் உரிமை உரைகாரனுக்கு எவரும் கொடுத்திலர். சொல்லையே நோக்கின் ஒரு சிறு வாயில் திறக்கின்றது. 380-இல் ஊழின்முன் தோற்பது 'சூழ்தல்', அஃதாவது வேறொரு வழியை எண்ணி வகுத்தல். 620-இல் ஊழைப் புறங்காண்பது 'உஞற்றுதல்', அஃதாவது இடையறாது முயறல். தப்பும் வழி தேடுவானை ஊழ் முந்திக்கொள்ளும். தப்ப நினையாது எதிர்நின்று உழைப்பானிடத்து அது பின்னிடும் என்று கொள்ளின் கூறு வேறாம். தெய்வத்தால் ஆகாதாயினும் மெய்வருந்தியதன் கூலி கிடைக்கும் என்னும் 619-ஆம் குறள் இக்கோளுக்குச் சிறிது துணை செய்யும். முழுத்துணை செய்யாது; என்னை? அது கூலி என்றதேயன்றி வெற்றி என்றிலது. 619-ஆம் குறளின்கண் வெற்றி தெய்வத்தின் கையிலேயே விடப்பட்டிருக்க, அடுத்த குறளிலேயே அது முயல்வான் கைக்கு மாறுகின்றது. இம்மாற்றத்துக்குக் காரணம் நூலினுள் வெளிப்படக் கூறப்படவில்லை. சூழ்தல், உஞற்றுதல் என்னும் இருசொல் வேறுபாடு தாங்கும் அளவே இங்கு உரை செல்லலாம். அதனைக் கடந்து அமைதி கூறுவார் நூற்கு இல்லாத சொல்லை நூலின் வாயில் இடுகின்றார்.